புதிய பகுதிக்குத் தலைநகர் கொற்கையா, காயலா? (மெடீவல் 2 கணினிப் போர் ஆட்டத்துக்கு நாம் செய்யும் தென்னாட்டு வரைபடம்)

வைகைக்கரை:
தெற்குக் கடற்கரைக்குப் புதிதாக ஒரு பகுதி சேர்க்கப் போவதாக வரைபடத்தச்சன் அறிவித்ததும் மதுரைக்காரன் என்ற முறையில் சந்தோஷப்பட்டேன். இதுவரை மதுரையை வைத்துக்கொண்டு ஒற்றைப் பகுதியோடு பாண்டியரை ஆடிக்கொண்டிருந்தோம். ஆனால் அறிவிப்புக்குக் கீழே கொற்கைச்செழியன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. "கொற்கையைத் தவிர வேறு எந்த ஊரை வைத்தாலும் அது பாண்டிய நாடே இல்லை" என்கிறார்.

நம் ஆட்டம் தொடங்குவது 1251-ல். முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வந்த ஆண்டு. கண்ணனூரில் போசளர் (ஹொய்சளர்), சேந்தமங்கலத்தில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், வாரங்கல்லில் காகதீய கணபதி, சோழ நாட்டில் மூன்றாம் ராஜேந்திரன். இப்படி ஒவ்வொருவரையும் ஆண்டு பார்த்து வைத்துவிட்டு, துறைமுகத்தை மட்டும் சங்க காலத்திலிருந்து தூக்கி வந்து வைப்பீர்களா? தாமிரபரணி கொண்டுவந்த மண் கொற்கையைத் தூர்த்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இன்றைக்கு அந்த ஊர் கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் துறைமுகம் காயல். காயலைத்தான் வைக்க வேண்டும்.

கொற்கைச்செழியன்:
என் பெயரைச் சொல்லியே தொடங்கியிருக்கிறீர்கள், சரி. கொற்கை ஏதோ ஒரு ஊர் இல்லை ஐயா. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பை எழுதியவன் அங்கே முத்துக்குளித்ததைச் சொல்கிறான். தாலமி சொல்கிறான். தொல்லியல் துறை தோண்டி எடுத்த மாதிரிக்குக் கி.மு. 785 என்று காலம் வந்திருக்கிறது. பாண்டிய இளவரசர் இருந்து ஆண்ட ஊர் அது. மதுரை எரிந்த பிறகு வெற்றிவேற்செழியன் எங்கிருந்து வந்தான் என்று சிலப்பதிகாரம் படித்த யாரையாவது கேளுங்கள். பாண்டியரைத் தேர்ந்தெடுத்து ஆடுகிற பையன் வரைபடத்தில் கொற்கை என்ற பெயரைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வான். காயல் என்றால் யாருக்குத் தெரியும்?

வைகைக்கரை:
காயல் யாருக்குத் தெரியுமா? மார்கோ போலோவுக்குத் தெரியும். ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று எல்லா இடத்துக் கப்பலும் குதிரை ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிற ஊர் என்று எழுதி வைத்திருக்கிறார். பாரசீகத்தில் உட்கார்ந்து எழுதிய வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபுக்கும் தெரியும். கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரை இந்தக் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டார், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்கிறார் அவர். வழியில் குதிரை செத்துப்போனாலும் பாண்டியன் கஜானாவிலிருந்து விலையைக் கொடுத்துவிட வேண்டுமாம். அந்த ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன்தான் பாண்டியனுக்கு அமைச்சர்.

இதை ஆட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் என் கவலை. புதிய பகுதிக்கு மறைவளமாக (திரையில் தெரியாமல், கோப்பில் மட்டும் பகுதிக்குக் குறிக்கும் வளம்) குதிரையைக் கொடுங்கள். அந்த மறைவளம் இருக்கிற பகுதியில் மட்டும்தான் கனரகக் குதிரைப்படை எடுக்க முடியும் என்று கட்டடக் கோப்பில் எழுதுங்கள். அப்புறம் பாருங்கள், காயலை இழந்த பாண்டியனுக்குக் குதிரை கிடையாது. போசளன் அதைக் குறிவைத்து இறங்குவான். மதுரையை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு பயனில்லை என்று ஆடுகிறவனுக்கு உறைக்கும். கொற்கையை வைத்துவிட்டு அங்கே குதிரை இறங்குகிறது என்று எழுத முடியுமா?

வரைபடத்தச்சன்:
இருவருக்கும் ஒரு தொழில்நுட்ப விஷயம். இந்த இன்ஜின் 200 பகுதிகளைத் தாண்டாது. நமக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். ஒரு பகுதிக்கு ஒரு நகரம்தான், வரைபடத்தில் ஒற்றைக் கறுப்புப் புள்ளி. துறைமுகத்துக்கு ஒற்றை வெள்ளைப் புள்ளி, அது கடலை ஒட்டி இருந்தாக வேண்டும். நகரமும் துறைமுகமும் ஒரே இடத்தில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் கறுப்புப் புள்ளியைக் கொற்கையில் உள்நாட்டில் வைத்து, வெள்ளைப் புள்ளியைக் கரையில் வைத்துவிடலாம். கோப்பில் பகுதிக்கு ஒரு பெயர், நகரத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டு உண்டு. பகுதி கொற்கை, நகரம் காயல் என்றும் போடலாம். முடிவு சொன்னால் இன்றே வரைபடத்தின் டிஜிஏ படக் கோப்பைத் திருத்திவிடுவேன்.

கொற்கைச்செழியன்:
நகரம் கொற்கை என்றால் சம்மதம். பகுதிக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
நகரம் காயல். முற்றுகை நகரத்தில் நடக்கிறது, படை நகரத்தில் எடுக்கிறோம், வரி நகரத்தின் கணக்கில் வருகிறது. பகுதியின் பெயரைக் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம் தச்சரே.

தஞ்சைத்தேர்:
ஒற்றை இடம்தான் மிச்சம் என்றால் அதைப் பாண்டியருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நாகப்பட்டினத்துக்குத் தனிப் பகுதி கேட்டு நான் எழுதியது எங்கே போயிற்று? பாண்டியர் வரலாற்றில் பாதி சோழருக்கு அடங்கிக் கிடந்ததுதான். பராந்தகன் "மதுரை கொண்ட" என்று பட்டம் போட்டுக்கொண்டான். பாண்டியன் ராஜசிம்மன் முடியையும் ஆரத்தையும் ஈழத்தில் விட்டுவிட்டு ஓடினான். அதை முதலாம் ராஜேந்திரன் போய் எடுத்து வந்தான். மதுரையில் மாளிகை கட்டித் தன் மகனையே சோழ பாண்டியன் என்று உட்கார வைத்தான்.

வைகைக்கரை:
அதெல்லாம் 10, 11ஆம் நூற்றாண்டு தம்பி. 1216-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் என்ன செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி" என்று அவன் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் புலவர் பாட்டுக்குப் பரிசாகக் கொடுத்தது என்று விட்டுவைத்தான். அப்புறம் நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, "சோணாடு வழங்கியருளிய" என்று பெயர் வாங்கினான். 1251-ல் சோழ நாடு மிச்சம் இருந்ததே இந்தத் தயவில்தான். நாகப்பட்டினம் அப்புறம் பார்க்கலாம். இங்கே பேச்சு காயல்.

தஞ்சைத்தேர்:
கொளுத்தியதைப் பெருமையாகச் சொல்கிற ஆளோடு என்ன பேச? போன பதிப்பில் சோழருக்கு யானைப்படை அதிகம் என்று ஒரு மாதம் அழுது அதைக் குறைக்க வைத்ததும் இதே வைகைக்கரைதான். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

வைகைக்கரை:
யானை குறைந்தது சமநிலைக்காக. அதை ஆடிப் பார்த்துத்தான் சொன்னேன். முத்தும் குதிரையும் காயலில். இதற்கு ஒரு பதிலும் வரவில்லை, கவனித்தீர்களா?

கொற்கைச்செழியன்:
பதில் இதோ. மார்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தது 1292 வாக்கில். வஸ்ஸாஃப் எழுதியது அதற்கும் பிறகு. உங்கள் ஆட்டம் 1251. என்னை ஆண்டு பார்க்கச் சொன்னவர் நாற்பது ஆண்டு தாண்டிப் போய்ச் சாட்சி கூட்டி வருகிறார்! 1251-ல் காயல் எப்படி இருந்தது என்று ஒரு வரி காட்டுங்கள். கொற்கையோ 1251-ல் காலி ஊர் இல்லை. அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இன்றும் நிற்கிறது, கல்வெட்டோடு.

வைகைக்கரை:
கோயில் இருப்பதும் கப்பல் வந்து நிற்பதும் ஒன்றா? 1292-ல் ஏடனிலிருந்து கப்பல் வந்து மொய்க்கிற ஊர், முந்தின நாள் ராத்திரி முளைத்ததாக இருக்காது. தலைமுறை கணக்கில் வளர்ந்திருக்க வேண்டும். ஆட்டக் கணக்குக்கே வாருங்கள். அசல் ஆட்டத்தில் ஒரு டர்னுக்கு, அதாவது ஒரு முறை ஆடுவதற்கு, 2 ஆண்டு; நாமும் அதையே வைத்திருக்கிறோம். இருபது டர்ன் ஆடினால் 1291 வந்துவிடுகிறது. ஆட்டத்தின் பெரும்பகுதி காயலின் காலத்தில்தான் நடக்கிறது. குலசேகர பாண்டியன் ஆட்சி, 1311-ல் டில்லித் தளபதி மாலிக் கபூர் மதுரைக்கு வருவது, எல்லாம் அதற்குள்தான். முதல் இருபது டர்னுக்காக மிச்சத்தைக் கெடுப்பதா?

காயல்காற்று:
எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், ஒருவராவது ஊர்க்காரனைக் கேட்டீர்களா? வைகைக்கரைக்கு நன்றி. ஆனால் தச்சர் போன பதிவில் போட்டிருந்த மாதிரி வரைபடத்தில் புள்ளியை ஆற்று முகத்துக்கு வடக்கே வைத்திருக்கிறார். அது பழையகாயல். காயல் என்றால் காயல்பட்டினம். அரபு வணிகர் வந்து குடியேறிய ஊர். எங்கள் பழைய பள்ளிவாசல்களில் உள்ள கல்லறைக் கற்களை வந்து பாருங்கள்.

வைகைக்கரை:
காக்கா (உங்கள் ஊர் வழக்கில் அண்ணன்), தப்பாக நினைக்காதீர்கள். மார்கோ போலோவின் காயல் பழையகாயல்தான் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் அங்கே போய்ப் பார்த்து எழுதிவிட்டார். உங்கள் ஊர் இருப்பது ஆற்றுக்குத் தெற்கே, திருச்செந்தூர் பக்கம்.

காயல்காற்று:
கால்டுவெல் எழுதினால் முடிந்ததா? இடையன்குடியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர் சொல்வது சரி, பரம்பரையாக இங்கேயே இருப்பவன் சொல்வது தப்பா? கொற்கையை விட்டுக்கொடுக்காத செழியனையாவது புரிந்துகொள்ள முடிகிறது. நீங்கள் எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிடுகிறீர்கள்.

கொற்கைச்செழியன்:
பார்த்தீர்களா? காயல் எங்கே இருந்தது என்பதிலேயே காயல் கட்சிக்குள் இரண்டு ஊர். கொற்கை எங்கே என்பதில் சண்டையே இல்லை. புள்ளியை அங்கே வையுங்கள் தச்சரே.

வைகைக்கரை:
இரண்டு ஊரும் கடலோடு வாழ்ந்த ஊர். உங்கள் ஊர் 1251-ல் வயலோடு வாழ்ந்த ஊர். அதுதான் வித்தியாசம்.

நெல்லைச்சீமை:
ஏன் அண்ணாச்சிமாரே, திருநெல்வேலி என்று ஒரு ஊர் இருப்பது யார் ஞாபகத்திலும் இல்லையா? பகுதி முழுக்கத் தாமிரபரணி. நெல்லையப்பர் கோயில் இருக்கிற பெரிய ஊர். கறுப்புப் புள்ளியை நெல்லையில் வைத்து, வெள்ளைப் புள்ளியைக் கரையில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். துறைமுகத்துக்குத் திரையில் தனிப் பெயரே வரப்போவதில்லை. எல்லாச் சண்டையும் தீர்ந்தது.

வைகைக்கரை:
தீரவில்லை. குதிரை இறங்கிய ஊர் ஒன்று, முற்றுகைக்கு ஆளாகிற ஊர் வேறொன்று என்றால், வாசலை ஒரு தெருவிலும் வீட்டை இன்னொரு தெருவிலும் கட்டுவது மாதிரி. எதிரி கரையில் இறங்கி இரண்டு நாள் நடந்து போய் நெல்லையை முற்றுகையிடுவானா? காயலில் இறங்கிக் காயலையே முற்றுகையிட வேண்டும். அப்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

நெல்லைச்சீமை:
மதுரைக்காரர்களுக்கு நெல்லையைக் கண்டால் எப்போதும் இப்படித்தான். எங்கள் ஆற்றுத் தண்ணீர் வேண்டும், எங்கள் கடற்கரை வேண்டும், எங்கள் ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம். மதுரைக்குக் கடல் வேண்டும் என்றால் உங்கள் கிழக்கே தொண்டி இருக்கிறது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் குவியலாகக் கிடைத்திருக்கிறது. மதுரைப் பகுதியை அதுவரை நீட்டி வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே வராதீர்கள்.

வரைபடத்தச்சன்:
நெல்லை சொன்னதில் ஒன்று பயன்படும். மதுரைப் பகுதியைக் கிழக்கே கடல்வரை நீட்டினால் அதற்கும் ஒரு துறைமுகம் கிடைக்கும். அதற்குத் தனியாக இடம் செலவாகாது. அதைச் செய்துவிடுகிறேன். புதிய பகுதிக்கு இன்னும் பெயர் வரவில்லை.

தஞ்சைத்தேர்:
மதுரைக்கு ஏற்கெனவே ஒரு துறைமுகம் கொடுத்தாயிற்று! அப்படியானால் அந்தக் கடைசி இடம் நாகப்பட்டினத்துக்கு வரட்டும். கேட்டால் மட்டும் சமநிலை என்று வகுப்பு எடுக்கிறார்கள்.

வைகைக்கரை:
தச்சரே, பெரியபட்டினம் நல்லதுதான், நீட்டுங்கள். ஆனால் குதிரை மறைவளத்தை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். வஸ்ஸாஃப் தகியுத்தீன் கையில் கொடுத்ததாகச் சொல்கிற துறைகளில் காயலும் ஒன்று. மறைவளம் காயலுக்கு. நகரம் காயல். அஞ்சு அண்ணன் தம்பி அரசர்களில் மூத்தவனுக்கு உரிய ஊர் என்று மார்கோ போலோ சொல்கிற ஊரை, ஆட்டம் தொடங்கும்போதே பட்டத்து இளவரசனோடு வையுங்கள். கொற்கையில் இளவரசன் இருந்தான் என்று செழியன் சொன்ன மரபுகூட இதில் அடங்கிவிடும்.

கொற்கைச்செழியன்:
அடங்காது. எங்கள் இளவரசனையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊரை விடச் சொல்கிறீர்கள். கொற்கை இல்லாமல் இந்த வரைபடம் வந்தால் நானே தனியாக ஒரு சப்மாட் (இதன் மேல் ஏற்றும் சிறு மாற்றத் தொகுப்பு) போட்டு நகரத்தின் பெயரை மாற்றி வெளியிடுவேன். பெயர்க் கோப்பில் ஒரு வரிதான்.

வைகைக்கரை:
தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதில் குதிரை எங்கே இறங்குகிறது என்று எழுதுவீர்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லுங்கள்.

கொற்கைச்செழியன்:
கொற்கையில்.

வைகைக்கரை:
ஆறேழு கிலோமீட்டர் வயலில் குதிரை நீந்தி வருமா?

காயல்காற்று:
தச்சரே, இவர்கள் பேசி முடிப்பதற்குள் அந்தப் புள்ளியை ஆற்றுக்குத் தெற்கே நகர்த்துங்கள். கால்டுவெல்லைக் காட்டி என்னை யாரும் வாயடைக்க முடியாது.

வரைபடத்தச்சன்:
கோப்பில் இப்போதைக்கு அந்த இடத்தைப் பெயரில்லாமல் விட முடியாது, ஆட்டம் ஏறும்போதே விழுந்துவிடும். சோதனைக்காகக் "காயல்" என்று போட்டு ஏற்றியிருக்கிறேன். ஆட்டம் சேமித்து வைத்திருக்கும் பழைய மேப் ஆர்டபிள்யூஎம் கோப்பை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் பழைய வரைபடமே வரும்.

கொற்கைச்செழியன்:
சோதனைக்கு ஏன் "கொற்கை" என்று போடவில்லை? யார் உங்களிடம் தனியாகப் பேசியது?

வைகைக்கரை:
யாரும் பேசவில்லை. ஓட்டிப் பார்த்தேன், நகரம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மறைவளம் இன்னும் சேரவில்லை தச்சரே, குதிரைப்படை எல்லா ஊரிலும் எடுக்க முடிகிறது. அதை முதலில் பாருங்கள். காயலுக்கு மட்டும்.