புதுப்பிப்பு: சன்ஸ்கிரீனுக்கு மேல் ஃபவுண்டேஷன் திரிதிரியாக உருளுவது நின்றுவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: சன்ஸ்கிரீனுக்கு மேல் ஃபவுண்டேஷன் போட்டால் திரிதிரியாக உருண்டு வருகிறது, எம்ஆர்டி ரயில் ஏறுவதற்குள் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

உருளுவதை நிறுத்தியது, "காயவிடுங்க, தேய்க்காதீங்க" என்று ஒரு அக்கா சொன்ன யோசனை. சன்ஸ்கிரீன் போட்டுவிட்டுத் தலை வாரி, பை எடுத்து வைத்து, பத்து நிமிடம் கழித்துத்தான் ஃபவுண்டேஷன். அதையும் ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வைக்கிறேன். தாடையோரம் நிற்கும் வெள்ளைத் துணுக்குகள் இப்போது சுத்தமாக இல்லை. அடியில் போடும் க்ரீமையும் லேசான ஜெல்லாக மாற்றினேன். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு அதுவே தாராளம். ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் சிலிக்கோன் ப்ரைமர் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, அதன்மேல் தண்ணீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷன் இன்னும் அதிகமாக உருண்டது.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் வேறு. என் பழைய சன்ஸ்கிரீனில் இருந்த ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளைப் பொடிகள், மாநிறத்தில் பளிச்சென்று தெரியும். நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனுக்கு மாறச் சொன்னவருக்குத் தனி நன்றி. அதில் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 50 வாங்கினேன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் போடுகிறேன். இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு மிகக் கடுமையான அளவான 11-ஐத் தொடும் நாட்கள் உண்டு, அளவைக் குறைக்கவே கூடாது.

எதிர்பாராத ஒன்று: அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். மங்கு (முகத்தில் வரும் கருந்திட்டு) இருப்பவர்களுக்கு இது நல்ல பலன். அப்புறம், வேலை நாட்களில் எனக்கு ஃபவுண்டேஷனே தேவைப்படவில்லை. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கன்சீலர் போதும்.