கலாமின் அப்பா மீன் பிடித்தாரா? (பிளஸ் டூ திரியிலிருந்து பிரிக்கப்பட்டது)

வேதாளை_வாத்தியார் (இரவு 9.12)

நேற்று பக்கத்துத் திரியில் நாட்டுப்படகு_78 எழுதியதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எதில் சேர்க்கலாம் என்று ஒருவர் கேட்டதற்கு இவர் சொன்ன பதில் இது: "அப்துல் கலாமே மீனவர் மகன்தான். அந்த ரத்தம்தான் அவரை ராக்கெட் வரைக்கும் கொண்டுபோனது. பாட்டன் தொழிலை மறந்த பிள்ளை உருப்படாது." இதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மீனவர் இல்லை. படகு வைத்திருந்தவர். ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்தவர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போன படகு அது. அதுபோக நாலு மைல் தள்ளி ஒரு சின்னத் தென்னந்தோப்பு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டுத் தோப்புக்கு நடந்துபோய், ஒரு டஜன் தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார். அறுபது தாண்டியும் அந்த நடை நிற்கவில்லை. இதெல்லாம் கலாமே தன் வரலாற்றில் எழுதியது. இதில் வலை எங்கே இருக்கிறது? மீன் எங்கே இருக்கிறது? முப்பத்து மூன்று வருடம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், படித்துவிட்டு எழுதுங்கள்.

நாட்டுப்படகு_78 (இரவு 9.30)

வாத்தியாரே, அந்தப் படகு கண்மாயிலா ஓடியது? கடலில்தானே? கடலில் பிழைத்தவர் கடல்காரர். நான் சொன்னது ரத்தத்தைப் பற்றி. காற்றைப் பார்த்துப் பாய் இறக்கத் தெரிந்தவர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் காற்றும் இறக்கையும் தானாகப் புரியும். என் மகனுக்குப் பதினாலு வயது. கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கச்சான் காற்று எழும்புமா, படகை மேலே இழுத்துப் போட வேண்டுமா என்று சொல்வான். இதை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்?

வேதாளை_வாத்தியார் (இரவு 9.34)

கேட்டதற்குப் பதில் இல்லை. "மீனவர் மகன்" என்று எழுதினீர்களா, இல்லையா? பஸ் முதலாளியை டிரைவர் என்பீர்களா?

அப்புறம், இறக்கை பற்றிப் பேசியதால் சொல்கிறேன். பறவை எப்படிப் பறக்கிறது என்று கலாமுக்குக் காட்டியது வீடு இல்லை, பள்ளிக்கூடம். சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கலாமே மேடைக்கு மேடை சொன்ன கதை. ஆக, லட்சியம் வந்தது ஒரு வாத்தியாரிடமிருந்து. (இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.)

கீழக்கரை_காக்கா (இரவு 9.51)

இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். கலாம் மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. மரக்கலம் வைத்து நாலு தேசம் போய் வணிகம் செய்த கூட்டம். எங்கள் ஊர்ப் பையன் பத்தாவது முடித்ததும் முதல் வேலையாகப் பாஸ்போர்ட் எடுக்கிறான் என்றால் அது சும்மா வந்த ஆசையா? பாட்டனார் கொழும்பு, வாப்பா துபாய், மகன் இப்போது சிங்கப்பூர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்தச் சீதக்காதி எங்கள் கீழக்கரை. உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாட வைத்தவர். சம்பாதிப்பதும் கொடுப்பதும் வீட்டில் பார்த்துப் பழகுவது.

வேதாளை_வாத்தியார் (இரவு 9.58)

காக்கா, சீறாப்புராணம் முடியும் முன்பே சீதக்காதி மௌத்தாகிவிட்டார். முடிக்க உதவியவர் அபுல் காசிம் மரைக்காயர். ஆனால் ஒரு உதவி செய்தீர்கள், மரைக்காயர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீனவர் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள், 78.

கீழக்கரை_காக்கா (இரவு 10.03)

அபுல் காசிமும் மரைக்காயர்தானே சார். யார் கொடுத்தால் என்ன, கொடுத்த கை எங்கள் பக்கத்துக் கை.

பாசிக்காரி_பேத்தி (இரவு 10.10)

சார், அண்ணே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாரம்பரியம் என்று நீங்கள் மூன்று பேரும் சொல்வது ஒன்றுதானா? ஒருவர் ரத்தம் என்கிறார், ஒருவர் தொழில் என்கிறார், ஒருவர் பழக்கம் என்கிறார்.

என் ஆத்தா பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்தவர். விரலில் துணிக்கிழிசல் சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்த்து இடுப்புச் சாக்கில் போடுவார். சுற்றிய துணியையும் மீறி விரல் கிழியும். சோறு பிசையும்போது உப்பு எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்ட ஒரே ஆத்தா எங்கள் தெருவில் அவர்தான். 1986ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா ஆன பிறகு 21 தீவுகள் பக்கம் போகவே பயம். அந்தப் பெண்களே கூடி, மாதம் 12 நாள்தான் பாசி எடுப்பது, மற்ற நாள் கடல் வளரட்டும் என்று முடிவு செய்தார்கள். அவர்களில் லட்சுமி மூர்த்தி என்ற அக்காவுக்கு 2015ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது.

ஆத்தா என்னைக் கடலில் இறங்க விட்டதே இல்லை. ஆனால் எதையும் முழுதாக வழித்து எடுக்காதே என்பது மட்டும் எனக்குள் ஒட்டிக்கொண்டது. இது ரத்தமா, தொழிலா, பழக்கமா?

என் தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடுவதா, மாமாவோடு படகில் போவதா என்று வீட்டில் சண்டை. முதல் திரியில் கேட்டது நான்தான்.

நாட்டுப்படகு_78 (இரவு 10.21)

தங்கச்சி சொன்னது சரி. வழித்து எடுக்காதே என்பதுதான் எங்கள் தொழிலும். அடியோடு வழித்து எடுப்பது யார்? விசைப்படகு. திங்கள், புதன், சனி அவர்கள் முறை, மற்ற நாள் எங்கள் முறை. அவர்கள் போய்த் தரையைச் சுரண்டிவிட்டு வந்தால், மறுநாள் போகிற எங்களுக்கு வெறும் வலைதான். வாத்தியாரின் மச்சானுக்கு இரண்டு விசைப்படகு இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. அவருக்குப் படகுச் சொந்தக்காரர் என்றால் உயர்த்தி, மீனவர் என்றால் மட்டம். அதனால்தான் கலாம் அப்பாவை மீனவர் என்றதும் சோறு இறங்கவில்லை.

வேதாளை_வாத்தியார் (இரவு 10.29)

வந்துவிட்டது பூனைக்குட்டி வெளியே. மச்சானுக்கு இரண்டு இல்லை, ஒன்றுதான். இன்னொன்று பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அது கரையில் சும்மா நிற்கும்போது வட்டியை யார் கட்டுகிறார்கள் என்று வந்து பாருங்கள்.

போன வருடம் டீசல் திரியில் உங்கள் கணக்குத் தப்பு என்று நான் காட்டியதை நீங்கள் மறக்கவில்லை, தெரிகிறது. மீனவர் மட்டம் என்று நான் எங்கே எழுதினேன்? என் தாய்மாமன் வலைக்காரர். நான் சொல்வது ஒரே விஷயம். ஜைனுலாப்தீன் மீன் பிடிக்கவில்லை.

சாயல்குடி_பனை (இரவு 10.40)

கடல் கடல் என்றே பேசுகிறீர்கள். ராமநாதபுரத்தில் நாங்களும் இருக்கிறோம். என் அப்பா பனை ஏறினார். நெஞ்சில் காய்ப்பு, பாதத்தில் காய்ப்பு. என் மகன் பனை ஏறக் கூடாது என்பதுதான் அவர் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து. குலத்தொழில், ரத்தம் என்று யாராவது பேசினால் அவர் பாதத்தைக் காட்டுவேன்.

நாட்டுப்படகு_78 (இரவு 10.44)

அப்புறம் கருப்பட்டிக்கு விலை இல்லை, ஏற ஆள் இல்லை என்று அழக் கூடாது.

சாயல்குடி_பனை (இரவு 10.46)

நீங்கள் வந்து ஏறுங்கள் அண்ணே. பாளைக்கத்தி நான் தருகிறேன்.

கீழக்கரை_காக்கா (இரவு 10.52)

வாத்தியார், ஒரு கேள்வி. கலாம் சென்னை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது அவர் அக்கா ஜொஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தாரே, அதையும் பள்ளிக்கூடம்தான் கொடுத்ததா? புளியங்கொட்டை பொறுக்கிப் பள்ளிவாசல் தெருக் கடையில் ஒரு அணாவுக்கு விற்றதும், ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டைப் பொறுக்கியதும் வீட்டார் பக்கத்தில் நின்று பழகியதுதானே? பத்திரிகை ஏஜென்சி அவர் ஒன்றுவிட்ட அண்ணன் சம்சுதீனுடையது.

வேதாளை_வாத்தியார் (இரவு 11.01)

வளையல் அக்காவின் அன்பு. அன்பு வேறு, குலத்தொழில் வேறு. ரயிலிலிருந்து கட்டை வீசியது உலகப் போரில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போனதால். அதிலும் மீன் இல்லை.

நாட்டுப்படகு_78 (இரவு 11.05)

சார், ஒன்று கேட்கிறேன். அந்தப் படகு சேதுக்கரை வரைக்கும் போனது என்று நானும் படித்திருக்கிறேன். சேதுக்கரை திருப்புல்லாணி பக்கம். அவ்வளவு தூரம் பாய்மரத்தில் போகிறவர் வழியில் ஒரு தூண்டிலாவது போட்டிருக்க மாட்டாரா?

வேதாளை_வாத்தியார் (இரவு 11.13)

அவர் புத்தகத்தில் தனுஷ்கோடியைத்தான் சேதுக்கரை என்றும் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறார். திருப்புல்லாணிச் சேதுக்கரை வேறு. உங்களுக்குப் புத்தகமும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை.

நாட்டுப்படகு_78 (இரவு 11.15)

ஊர் தெரியவில்லையா? நான் பிறந்ததே கடலில் சார். நீங்கள் கரும்பலகையில் பிறந்தீர்கள்.

மட்டுறுத்துநர் (இரவு 11.20)

மச்சான், விசைப்படகு, தூண்டில் எல்லாம் வேறு திரிக்குப் போகட்டும். பாசிக்காரி_பேத்தி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பாசிக்காரி_பேத்தி (இரவு 11.24)

பரவாயில்லை. தம்பி காலையில் மாமாவோடு ஐஸ் எடுக்கக் கம்பெனிக்குப் போகிறானாம். மனுவுக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

வேதாளை_வாத்தியார் (இரவு 11.31)

மகளே, தம்பியை என்னிடம் அனுப்பு, மனுவை நான் நிரப்பித் தருகிறேன். 78 பேச்சைக் கேட்டுக் கெடுத்துவிடாதே. எதையும் சரிபார்க்காமல் எழுதுகிற ஆள்.

நாட்டுப்படகு_78 (இரவு 11.36)

தம்பியை என்னிடமும் அனுப்பு. ஒரு நாள் படகில் வரட்டும், அப்புறம் மனுப் போடட்டும். நாளை செவ்வாய், எங்கள் முறை. மூன்று மணிக்கு எழ வேண்டும். திரும்பி வந்து வாத்தியாருக்குப் பதில் போடுகிறேன்.

வேதாளை_வாத்தியார் (இரவு 11.38)

போடுங்கள். "மீனவர் மகன்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

நாட்டுப்படகு_78 (இரவு 11.39)

மீனவர் மகன்.