பனியே இல்லாத இரவிலும் காரை இழுத்துச் செல்வார்களா? (சிகாகோ)

புதுக்குடியினன்: அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம்தான் சிகாகோவுக்குக் குடிவந்தேன். எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்த இடமில்லாததால், வாசலை ஒட்டிய பெரிய சாலையிலேயே நிறுத்திவருகிறேன். அங்குள்ள கம்பத்தில், டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணி வரை வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது. பனி பெய்யும் நாட்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று எண்ணியிருந்தேன். தரை காய்ந்து கிடந்தாலும் இழுத்துச் சென்றுவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இது உண்மையா? இரவுப் பணி முடிந்து நான் வீடு சேரவே இரண்டரை மணி ஆகிவிடுகிறது.

ஏரிக்காற்று: முற்றிலும் உண்மை. ஏறத்தாழ 107 மைல் நீள முதன்மைச் சாலைகளுக்கு உரிய அந்த விதி வானத்தைப் பார்ப்பதில்லை, நாட்காட்டியைத்தான் பார்க்கும். சிக்கினால் அபராதம் 60 டாலர், இழுவைக் கட்டணம் குறைந்தது 150 டாலர், அதற்கு மேல் வண்டி கிடங்கில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் 25 டாலர் வாடகை. இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு விதியும் உண்டு: வேறு 500 மைல் சாலைகளில், 2 அங்குலப் பனி சேர்ந்துவிட்டால் எந்த நேரமானாலும் வண்டி நிற்கக் கூடாது. அதற்குத் தனிப் பலகை இருக்கும்.

வடக்குப்பக்கம்: என் முதல் டிசம்பரில், காலையில் இறங்கிவந்து பார்த்தபோது கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டுமே இருந்தது. திருட்டுப் போய்விட்டதென்று காவல்துறையை அழைக்கப் போன என்னைத் தடுத்து, தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டியவர் என் மனைவி. அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். மாநகராட்சியின் இணையதளத்தில் வண்டி எண்ணை இட்டோ, 311 என்ற மாநகராட்சி உதவி எண்ணை அழைத்தோ, அது எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று அறியலாம். "அன்று பனியே இல்லையே" என்று வாதாடிப் பயனில்லை.

ஏரிக்காற்று: 1967 ஜனவரியில் 23 அங்குலப் பனி கொட்டியபோது ஆயிரக்கணக்கான கார்கள் நடுச்சாலையிலேயே புதைந்து நின்றன. பேருந்துகளும் ஆம்புலன்ஸ்களும் செல்லும் சாலைகளையாவது விடிவதற்குள் வழித்துவிட வேண்டும் என்பதுதான் இத்தனை கண்டிப்புக்குக் காரணம். நீங்கள் பலகை இல்லாத உள்தெருவில் நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் நடந்துவிடுங்கள்.

புதுக்குடியினன்: மிக்க நன்றி. உள்தெருவில் பனி வழித்த இடம் ஒன்று காலியாக இருந்தது, ஆனால் நடுவில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிறுத்தலாமா?

வடக்குப்பக்கம்: சட்டப்படி அந்த நாற்காலிக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஒருவர் இடுப்பு ஒடிய மண்வாரியால் பனியை அள்ளிப் பிடித்த இடம் அது. பனி அள்ளிய இடத்தில் ஏதாவது பொருளைப் போட்டுத் தனக்கென்று பிடித்துவைக்கும் இந்த வழக்கத்தை இங்கே 'டிப்ஸ்' (dibs) என்பார்கள், உணவகத்தில் கொடுக்கும் டிப்ஸ் அல்ல. நாற்காலியை நகர்த்தியவர்களின் டயரில் மறுநாள் காற்று இருப்பது அரிது. அடுத்த தெருவைப் பாருங்கள்.