எட்டு நாள் காத்திருந்தேன்: விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் வழியாக வாடகை கார்

கலிஃபோர்னியா, ஃபிரிமான்ட்

2023 அக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. 880 ஹைவேயில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் போனவர் நின்றார், நானும் நின்றேன், எனக்குப் பின்னால் வந்தவர் நிற்கவில்லை. டிக்கி உள்ளே மடங்கி, பின்விளக்கு இரண்டும் நொறுங்கிவிட்டன. பின்சீட்டில் இருந்த மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது தெரிந்த பிறகுதான் மற்றதையெல்லாம் பார்க்கவே தோன்றியது. இடித்தவர் இருபது வயது மதிக்கத்தக்க பையன். இறங்கி வந்து, தன் தவறுதான் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

அதனால்தான் நான் தப்புக்கணக்குப் போட்டேன். பின்னால் வந்து இடித்தது அவன், தவறு அவனுடையது, அப்படியென்றால் அவனுடைய இன்சூரன்ஸ் திங்கட்கிழமையே வாடகை கார் கொடுத்துவிடும் என்று நம்பினேன். அங்கே கிளெய்ம் பதிவு செய்தேன். அட்ஜஸ்டர், அதாவது கிளெய்மைக் கவனிக்கும் இன்சூரன்ஸ் அலுவலர், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், "எங்கள் வாடிக்கையாளரிடம் பேசாமல் பொறுப்பை ஏற்க முடியாது" என்றார். அந்தப் பையன் அவர்களுடைய போனையே எடுக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று நாள் போனது. பள்ளிக்கு ஊபர், அலுவலகத்துக்கு நண்பரின் கார். கலிஃபோர்னியா விதிப்படி கிளெய்முக்கு 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். தேவையான ஆதாரமெல்லாம் கொடுத்த பிறகு ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல 40 நாள் வரை அவகாசம் உண்டு. அதுவரை கார் இல்லாமல் எப்படிக் குடும்பம் நடத்துவது?

எட்டாவது நாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "உங்க பாலிசியில ரென்டல் கவரேஜ் இருக்கான்னு பார்த்தீங்களா?" பார்த்தேன். இருந்தது. வாடகை காருக்கு நாளுக்கு 30 டாலர், மொத்தம் 900 வரை. என் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டேன், அன்று மதியமே கார் கையில். வாடகைக் கம்பெனிக்கு அவர்களே நேரடியாகக் கட்டிவிடுகிறார்கள். என் கிரெடிட் கார்டில் திரும்பக் கிடைக்கும் டெபாசிட் மட்டும் பிடித்துவைத்தார்கள். பிறகு எதிராளியிடம் வசூலிப்பது என் இன்சூரன்ஸ் கம்பெனியின் பாடு.

கவுன்டரில் "கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா" என்று கேட்பார்கள். அந்தச் செலவை ரென்டல் கவரேஜ் ஏற்காது. என் பாலிசியில் கொலிஷன் (மோதலில் நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான கவரேஜ்) இருந்ததால் அது வாடகை காருக்கும் பொருந்தும் என்று என் கம்பெனி அட்ஜஸ்டரிடம் முன்பே கேட்டு உறுதி செய்திருந்தேன், அதனால் வேண்டாம் என்றேன். வெறும் லயபிலிட்டி (நாம் மற்றவர்களுக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான கவரேஜ்) மட்டும் வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். வாடகை காருக்கு அடிபட்டால் நம் பணம்தான் போகும். அப்புறம் டோல். வாடகைக் கம்பெனியின் டோல் வசதியை எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் வரும். நான் அந்த காரின் நம்பரை என் ஃபாஸ்ட்ராக் என்ற டோல் கணக்கில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு வலித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். பாடி ஷாப்பில் பம்பரைக் கழற்றியபோது உள்ளே இன்னும் சேதம் தெரிந்தது. மறுபடி எஸ்டிமேட், மறுபடி ஒப்புதல், சென்சார் வரத் தாமதம். மொத்தம் 41 நாள் ஆனது. 30 நாளோடு கவரேஜ் தீர்ந்துவிட்டது. மீதி 11 நாளும் அதே இன்சூரன்ஸ் விலையிலேயே தர முடியுமா என்று வாடகை மேனேஜரிடம் கேட்டேன், வரியோடு 34 டாலருக்கு ஒப்புக்கொண்டார். 374 டாலர் என் கையிலிருந்து போனது. வண்டி ஓடும் நிலையில் இருந்தால், பாகங்கள் வந்து சேரும்வரை ஷாப்பில் விடாதீர்கள். வாடகை நாள்கள் வீணாக ஓடிவிடும்.

பெற்றோருக்கு ஒன்று: விபத்தின்போது குழந்தை உட்கார்ந்திருந்த கார் சீட்டை மாற்றித்தரும் பொறுப்பு கலிஃபோர்னியா சட்டப்படி இன்சூரன்ஸுடையது. நான் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

உங்களுக்கு எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

டெக்சஸ், ஃபிரிஸ்கோ

எங்களை இடித்தவர் நிற்கவே இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும் மாமியாரும் காரில் இருந்தார்கள். மாமியாருக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை. எங்கள் பாலிசியில் தனியாக ரென்டல் கவரேஜ் கிடையாது. கார் கிடைக்காது என்றே முடிவு செய்துவிட்டோம். ஆனால் டெக்சஸில் இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் உதவும் கவரேஜ் ஒன்று உண்டு. வேண்டாம் என்று நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் அது பாலிசியில் இருக்கும். இடித்துவிட்டு ஓடியவர்களுக்கும் பொருந்தும், ஆனால் போலீஸில் புகார் செய்திருக்க வேண்டும். சொத்துச் சேதத்துக்கு 250 டாலர் நாம் கட்ட வேண்டும். ரிப்பேரோடு வாடகை காரும் அதில் அடங்கும். அன்றைக்கு "போனால் போகட்டும்" என்று வீட்டுக்குக் கிளம்பாமல், என் கணவர் பிடிவாதமாக நின்று போலீஸை வரவழைத்தார். அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தது.

லண்டன், ஹரோ

இங்கே கதை வேறு. எங்கட காப்புறுதியில் 'கர்ட்டசி கார்' என்று ஒன்று இருந்தது. அவர்களின் கராஜில் கார் திருத்துப்படும் நாட்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கார் தருவார்கள். கார் திருத்த முடியாத நிலை என்றால் அதுவும் இல்லை.

விபத்து நடந்த மறுநாளே ஒருவர் போன் எடுத்துக் கதைத்தார். பிழை உங்களுடையது இல்லை, உங்கட காரைப் போலவே ஒரு கார் தருகிறோம், நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்றார். வீட்டு வாசலுக்கே கார் வந்தது, கையொப்பம் வைத்தேன். அது இலவசக் கார் இல்லை, 'கிரெடிட் ஹயர்' என்ற கடன் வாடகை. நாளுக்கு 90 பவுண்படி 24 நாளுக்கு 2,160 பவுண் என் பெயரில் ஏறியது. மற்றப் பக்கத்துக் காப்புறுதி, இதைவிடக் குறைந்த செலவில் தாங்களே கார் தரத் தயாராக இருந்ததாகச் சொல்லி முழுத்தொகையைத் தர மறுத்தது. அந்தப் பணத்தை வாங்க என் பெயரில்தான் வழக்கு. நான்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று கடிதம் வந்தது. வழக்கு நாளுக்கு முன்பே இரு பக்கமும் பேசித் தீர்த்தார்கள். ஆனால் அந்த எட்டு மாதமும் எனக்கு நிம்மதியான நித்திரை இல்லை. கையொப்பம் வைக்க முதல், மற்றப் பக்கம் தராவிட்டால் யார் கட்டுவது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கலிஃபோர்னியா, ஃபிரிமான்ட்

அந்த எட்டு நாள் செலவை எதிராளியிடம் வாங்கினீர்களா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. வாடகை கார் எடுக்காத நாள்களுக்கும் இங்கே இழப்பீடு கேட்கலாம். ஆனால் அவனிடம் இருந்தது குறைந்தபட்ச பாலிசி. 2024 முடியும்வரை இங்கே சொத்துச் சேதத்துக்கு அது வெறும் 5,000 டாலர், வாடகையும் அதற்குள்தான். என் ரிப்பேர் மட்டுமே 8,400. என் கம்பெனி மீட்ட தொகையிலிருந்து என் டிடக்டிபிளில் (ரிப்பேர் செலவில் நான் கட்டிய பங்கு) ஒரு பகுதி திரும்பி வந்தது, அவ்வளவுதான். மீதிக்கு அவன் மேலேயே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கானது) வழக்குப் போட்டிருக்கலாம். அன்று ஹைவே ஓரத்தில் என் மகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்து வந்து கொடுத்தவன் அவன். எனக்கு மனம் வரவில்லை.

2025 ஜனவரி முதல் அந்த வரம்பு 15,000 ஆகியிருக்கிறது. இரண்டு வண்டிகளை இடித்தால் அதுவும் போதாமல் போகலாம். நான் புதுப்பிக்கும்போது ரென்டல் கவரேஜை நாளுக்கு 50, மொத்தம் 1,500 என்று உயர்த்திக்கொண்டேன்.