சம்பு நுனி கருகுகிறது, நீரில் உப்போ குறைவு: காரணம் என்ன?

கேள்வி:
கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில் இரண்டு பருவமாகச் சம்பு (கோரை போன்ற நீர்த்தாவரம்) குட்டையாகவே நிற்கிறது. இலை நுனி கருகுகிறது, புதுக் குருத்தும் இல்லை. தேங்கிய நீரை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகலை வைத்து உப்பளவு காட்டும் கருவி) பார்த்தால் லிட்டருக்கு 6 கிராம் உப்புதான். கடல்நீரில் 35 இருக்கிறதே, இதற்கே வாடுமா? ஜிப்சம் போடலாமா?

பதில் 1:
நீங்கள் அளந்தது மேல்நீரை. வேர் உறிஞ்சுவது மண்ணுக்குள் இருக்கும் நீரை. வெயிலில் ஆவியாகும்போதும் செடி உறிஞ்சும்போதும் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அங்கே இருமடங்கு, மும்மடங்கு இருப்பது சகஜம்.

பிவிசி குழாயின் அடி 10 செ.மீ.க்குத் துளையிட்டு, துணி சுற்றி, 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்குங்கள். குழாயைச் சுற்றிச் சேறு வைத்து அழுத்துங்கள், இல்லாவிட்டால் மேல்நீர் கசிந்து அளவைக் கெடுக்கும். முதலில் ஊறும் நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறியதை வடிகட்டி அளக்கவும். கருவியை முன்னதாகக் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

பதில் 2:
லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டினாலே சம்பு சுணங்கத் தொடங்கும். 15-க்கு மேல் நீடித்தால் பிழைப்பது அரிது. முதல் அடி தாகம்தான்: சுற்றிலும் நீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, குருத்து நின்றுவிடும். இலையிலிருந்து நீராவி போகப் போகச் சோடியமும் குளோரைடும் நுனியில் சேரும். பொட்டாசியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முற்றிய இலை முதலில் கருகுகிறது.

அலையாத்தி மரங்களில் வெண்கண்டல் இலைச் சுரப்பி வழியே உப்பைக் கக்கும், சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதியைத் தடுக்கும். சம்புக்கு அப்படி வலுவான ஏற்பாடு கிடையாது.

பதில் 3:
ஜிப்சம் வேண்டவே வேண்டாம். அதன் கால்சியம் மண்ணிலுள்ள சோடியத்தை விலக்கினாலும், அடுத்த ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) அது திரும்ப வந்துவிடும். அதோடு ஜிப்சம் என்பது சல்பேட். காற்றில்லாத சேற்றில் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக்கும், அது வேருக்கு நஞ்சு. கடல்நீரே லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட்டைக் கொண்டுவருகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உப்போடு இதுவும் சேர்ந்துகொண்டது என்று அர்த்தம்.

நன்னீர் வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தேடுங்கள். தேங்கிய உப்புநீர் வடியவும் வழி வேண்டும்; வடிகால் இல்லாமல் நன்னீர் மட்டும் விட்டால் உப்பு அங்கேயே சுற்றும். மறுநடவு என்றால் மழைக்காலத் தொடக்கத்தில் செய்யுங்கள், ஏனெனில் வளர்ந்த செடி தாங்கும் உப்பை நாற்று தாங்காது. மழைக்குப் பிறகும் பிவிசி குழாயில் ஊறும் நீரின் உப்பு லிட்டருக்கு 15 கிராமுக்குக் கீழே இறங்காவிட்டால் சம்பு நடுவதை விட்டுவிட்டு, உப்பைத் தாங்கும் உமரிச் செடி தானாக ஏற இடம் கொடுங்கள்.