சுருட்டிச் சாப்பிடும் உணவுகள்: வெளியே இருக்கும் உறையைப் பற்றி உங்கள் அனுபவம்?

ரோல், டாக்கோ (டோர்ட்டியாவை மடித்து உள்ளே கறி வைப்பது) என்றால் எல்லோரும் உள்ளே என்ன வைத்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு வெளியே இருப்பதன் மீதுதான் கண். மெக்சிகோவின் வஹாக்கா சந்தையில் ஒரு பெண்மணி மக்காச்சோள டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியைச் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மக்காச்சோளத்தில் மாவைப் பிணைக்கும் கோதுமைப் புரதமான குளூட்டன் கிடையாது, வெறும் மாவை நீர் விட்டுப் பிசைந்தால் உதிர்ந்துவிடும். அதனால் முழு மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி அரைக்கிறார்கள். தோல் கழன்று, மாவு சேர்ந்து நிற்கும் பதம் வருகிறது. மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் சேர்வதும் இதனால்தான். மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தப் பக்குவம் கூடவே போகவில்லை. அதை மட்டுமே நம்பிப் பிழைத்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. நினைத்தாலே மனது கனக்கிறது.

சுட்டதைத் துணியில் பொதிந்து வைத்தார். உள்ளே தங்கும் ஆவிதான் அதை மடிய வைக்கிறது. ஆறினால் மடிப்பிலேயே பிளக்கும்.

---

நான் வியட்நாமில் பார்த்தது இதற்கு நேர் எதிர். அங்கே ரைஸ் பேப்பர் காய்ந்த தாளாகவே மேசைக்கு வருகிறது. கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, அரிசிக் கரைசலை அதன்மேல் மெல்லியதாகத் தேய்த்து ஆவியில் வேகவைப்பார்கள். அப்புறம் மூங்கில் தட்டியில் வெயில். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தட்டியின் பின்னல் தடம்கூடத் தெரியும். தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆகும்வரை காத்திருக்காதீர்கள், கிழிந்துவிடும். சட்டென்று நனைத்து, விறைப்பாக இருக்கும்போதே தட்டில் போடுங்கள். இலைகளையும் இறாலையும் அடுக்குவதற்குள் தானே இளகிவிடும்.

ஆர்மீனியாவின் மெல்லிய ரொட்டியான லவாஷும் இப்படித்தான். காயவைத்து அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்கும், தண்ணீர் தெளித்தால் மறுபடி துவளும். 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். தகுதியான மரியாதைதான்.

---

எத்தியோப்பியாவின் தோசை போன்ற இஞ்செராவை விட்டுவிடலாமா? டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் சுடுவார்கள். திருப்பிப் போடாததால் மேலே கண் கண்ணாகத் திறந்தே இருக்கும், குழம்பு அதில் இறங்கி நிற்கும். பிய்த்த துண்டில் கறியைப் பொதிந்து பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டுவதை அங்கே குர்ஷா என்கிறார்கள். அறிமுகமே இல்லாத எனக்கும் ஒரு பெரியவர் ஊட்டினார். மறுக்கத் தோன்றவே இல்லை.

---

சரி, கோதுமைக்கு நான் வருகிறேன். சீனாவின் பீக்கிங் வாத்து வறுவலைச் சுற்றித் தரும் மெல்லிய அப்பத்துக்குக் கொதிநீர் ஊற்றித்தான் மாவு பிசைகிறார்கள். மாவுச்சத்து பாதி வெந்து, குளூட்டன் இறுகாமல் மிருதுவாக நிற்கும். இரண்டு உருண்டைகளைத் தட்டி, நடுவில் எண்ணெய் தடவி ஒன்றாகத் தேய்த்துச் சுட்டு, சூட்டோடு பிரித்தால் கண்ணாடி மாதிரி இரண்டு தாள். செய்து பார்ப்பவர்கள் எண்ணெயை ஓரம் வரை தடவுங்கள், விட்ட இடம் ஒட்டிக்கொண்டு பிய்யும்.