ஹெட்லைட் போட்டால் ஹாரன் கம்முகிறது, செல்ஃப் "டக்" என்று நின்றுவிடுகிறது: 1997 மாருதி 800

எர்ணாவூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1997இல் வாங்கிய வண்டி, கார்ப்பரேட்டர் மாடல். அப்பா போன பிறகும் விற்க மனம் வரவில்லை. அம்மாவை மாதம் இரண்டு முறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது இதில்தான். வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தோடுதான் இப்போது கிளம்புகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் சீட்டு வரை ஏறியது. சீட்டைக் கழற்றிக் காயவைத்து, ஆயில் மாற்றி ஓட்டினேன். ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காலையில் சாவி திருப்பினால் "டக்" என்ற சத்தம் மட்டும் வரும். நான்காவது ஐந்தாவது தடவைதான் இன்ஜின் சுற்றும். ஹெட்லைட் போட்டு ஹாரன் அடித்தால் தொண்டை கட்டினவர் பேசுவது போல இருக்கும். பிரேக் மிதித்தால் பின்னால் இடது பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது.

பேட்டரி புதிது போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று. ஒன்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. இப்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இன்னொன்று. ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டு தடவை இறுகிப்போய் மாற்றினோம். அது வேறு விஷயம் என்று நினைக்கிறேன், எதற்கும் சொல்லிவைக்கிறேன்.

பெரம்பூர் 800:
ஆல்டர்நேட்டரில் டயோடு போயிருக்கும் நண்பா. புதுப்பேட்டையில் பழையது நல்லதாகவே கிடைக்கும். ஹாரனுக்கு 15 ஆம்பியர் ப்யூஸை எடுத்துவிட்டு 25 போட்டுப் பாருங்கள், என் வண்டியில் சரியாயிற்று.

காலடிப்பேட்டை ஒயரிங்:
எர்ணாவூர் தம்பி, இனி ஒரு ரூபாய்கூடச் சாமானுக்குக் கொடுக்காதீர்கள். வேறு விஷயம் என்று கடைசியில் ஒதுக்கினீர்களே அந்தக் கேபிள், அதுதான் விஷயம்.

செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பிளஸ்ஸில் கிளம்பிய கரண்ட் அத்தனையும் இன்ஜின் உடம்பு வழியாக மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கான பாதைதான் எர்த் கேபிள். அந்தப் பாதை அடைபட்டால், இன்ஜினையும் பாடியையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருக்கிற எந்த இரும்பு வழியாகவும் கரண்ட் வரும். மாட்டுவது ஆக்ஸிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும்தான். உள்கம்பி சுட்டு, உறை உருகி, கேபிள் இறுகிவிடும். தண்டையார்பேட்டையில் முப்பது வருடம் ஷெட் வைத்திருந்தேன். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! கேபிள்தான் மட்டம் என்று சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ரிச்சி தெருவில் சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரி மைனஸின் ஈயக் குமிழ் மேலேயே வைக்க வேண்டும், கிளாம்ப் மேல் வைக்கக்கூடாது. கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவிலேயே பழுது இருக்கலாம். சிவப்பு முனை இன்ஜினின் வெறும் இரும்பில். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகிற சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அப்புறம் சிவப்பு முனையைப் பாடியில் வைத்து ஹெட்லைட் போட்டுப் பாருங்கள்.

ஆல்டர்நேட்டரை இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். காயில் ஒயரை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்து, பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை வந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பெரம்பூர் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. 15 தாங்கும் ஒயருக்கு 25 போட்டால் ப்யூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். பெட்ரோல் வண்டி அது. இன்றைக்கே பழையபடி மாற்றிவிடுங்கள்.

பெரம்பூர் 800:
மாற்றிவிட்டேன் ஐயா. ஹாரன் ஒயரைப் பிரித்துப் பார்த்தால் உறை ஓரிடத்தில் கருகியிருந்தது. நன்றி.

எர்ணாவூர்க்காரன்:
ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். சார்ஜிங் 14.1, ஆல்டர்நேட்டர் நன்றாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜினில் 2.9 வோல்ட். ஹெட்லைட் போட்டால் பாடியில் 1.1. செல்ஃப் அடித்த கையோடு ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டேன், சுடுகிறது! ஆனால் எர்த் கேபிள் வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?

காலடிப்பேட்டை ஒயரிங்:
வெளியே பார்த்து ஏமாறாதீர்கள். லக் பக்கம், அதாவது கேபிள் முனையில் போல்ட் மாட்டுகிற வளையத்தின் பக்கம், உறையை ஒரு விரல் நீளம் கீறிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் உறைக்குள்ளேயே ஏறிப் போகும். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தையும் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்கள்.

பின் விளக்கும் இதே நோய்தான். இடது லேம்ப்பின் எர்த் போயிருக்கிறது. பிரேக் பல்புக்குப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகத் திரும்புகிறது, அதனால்தான் அதுவும் மங்கலாக எரிகிறது.

எர்ணாவூர்க்காரன்:
கீறினேன் ஐயா. ஒரு சாண் நீளத்துக்குச் செம்பே இல்லை, பச்சைக் களிம்பும் கறுப்புத் தூளும்தான். பாடி போல்ட்டின் அடியில் துரு செதில் செதிலாக வந்தது. திருவொற்றியூர் கடையில் அதே கனத்தில் இரண்டு எர்த் கேபிள், லக் அழுத்தி வாங்கினேன், 640 ரூபாய். மாட்டிவிட்டு அளந்தால் இன்ஜினில் 0.14, பாடியில் 0.03. சாவி திருப்பியதும் முதல் தடவையிலேயே சுற்றியது. அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா வண்டிச் சத்தம் மாதிரியே இருக்கு" என்றாள்.

பின் லேம்ப் வேலை ஞாயிற்றுக்கிழமை. ஒரு சந்தேகம்: உப்புக்காற்று படாமல் இருக்க போல்ட்டுக்கு அடியில் கிரீஸ் தடவலாமா?

காலடிப்பேட்டை ஒயரிங்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அடியில் வேண்டாம். இரும்போடு இரும்பு உட்கார்ந்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். லக்கும் கேபிளும் சேருமிடத்தையும் மூடிவிடுங்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான். மழைக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கல் கழித்து ஒரு தடவை துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினால் போதும்.